சயாம் சம்பளத்துக்கு வரி

பிப்ரவரி 9, 1944

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து இரண்டு வருடம். ஆபீஸ் தாளில் 2604 என்று ஜப்பான் வருடம் போட்டிருக்கிறார்கள். என் நோட்டில் 1944தான்.

வரிச்சீட்டு வந்திருக்கிறது. ஒரு வீட்டின் ஆண்டு வருமானம் ஆயிரம் வெள்ளி வரை வரி இல்லை; தாண்டினால் நூற்றுக்குப் பத்து. மருமகள் வீரம்மா தையல் மெஷின் மிதித்துச் சம்பாதித்தது 840. என் மரவள்ளிக்கிழங்கு 120. ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டோம் என்று பார்த்தால், மூன்றாவது பெயராக என் மகன் இராமசாமி! சயாம் ரயில் பாதை வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, பத்து மாதத்துக்கு 300. மொத்தம் 1,260. வரி 126.

ஜப்பான்காரன் அவனை லாரியில் ஏற்றிப் பத்து மாதம் ஆகிறது. ஒரு காசு வந்ததா? ஒரு கடுதாசி? வராத சம்பளத்துக்கு வரி கேட்கிறான்.

அந்த ஆயிரம் வெள்ளி எந்தக் காலத்து ஆயிரம்? ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்ட நோட்டை அச்சடிக்க அச்சடிக்க வீரம்மா தையல் கூலியை ஏற்றினாள். அரிசி அதைவிட வேகமாக ஏறியது. சட்டியில் கஞ்சி குறைந்துபோய், தாளில் மட்டும் நாங்கள் பணக்காரர்கள்.

பிப்ரவரி 10

கோப்பெங் வரி ஆபீசுக்கு நடந்தே போனேன். மேசையில் பாஸ்கல். எங்கள் தோட்டத்துப் பழைய கிராணி. பதினைந்து வருடம் நான் ரப்பர் பால் வெட்டிக் கொண்டுவந்தேன், அவன் நிறுத்துக் கணக்கு எழுதினான்.

“கிராணி, நாப்பது ராத்தலுக்கு மேல பால் கொண்டாந்தா மேல்காசு குடுப்பீங்களே. முழு வாளிக்குமா குடுத்தீங்க?”

“மேல உள்ள ராத்தலுக்குத்தான்.”

“இப்ப பிடிக்கிறப்ப மட்டும் முழு வாளிக்கும் பிடிக்கிறீங்க. ஆயிரத்த ஒதுக்கிட்டு மிச்சம் இருநூத்தி அறுபதுக்குல்ல போடணும்?”

வரிசையில் பின்னால் நின்றவன், “கிராணிக்கு வாளி பெருசாயிருச்சு லா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கல் முகம் கறுத்தது. மேலே கேட்டுச் சொல்வானாம்.

மகன் சம்பளத்தை எடு என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “செத்துட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க பெரியவரே. பேர எடுத்துடறேன். வரியே வராது.”

“ஒன் மவனா இருந்தா எழுதுவியா?”

அடுத்த ஆளைக் கூப்பிட்டான். நானும் சீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.



 

பிப்ரவரி 14

ஒரு காசுகூடக் கட்ட மாட்டேன், ஜெயிலில் போட்டால் போடட்டும் என்றேன். வீரம்மா மெஷினை நிறுத்தினாள்.

“கட்டிரலாம் மாமா.”

“வராத காசுக்கா?”

“அவுக வேலை செய்றதா அந்தத் தாள்ல எழுதியிருக்குல்ல. வேற யாரு எழுதிக் குடுத்திருக்கா நமக்கு?”

 

பிப்ரவரி 21

ஒப்புக்கொண்டார்கள். தாண்டியதற்கு மட்டும்தான் வரி. 126 போய் 26 ஆனது. என்னோடு சேர்த்துப் பதினொரு வீட்டுக்குக் குறைந்தது. அந்த 26-உம் அநியாயம்தான். வீட்டில் இருந்த ஒரே ஆட்டை விற்றுக் கட்டினேன்.

ரசீதில் மூன்று பெயர். மூன்றாவது: இராமசாமி, சயாமில் வேலை. வீரம்மாவுக்கு எழுத்து தெரியாது. எது அவன் பெயர் என்று கேட்டாள். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள்.

செப்டம்பர் 17

பக்கத்துத் தோட்டத்துக்குச் சயாமிலிருந்து இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்களாம். போய்க் கேட்கவில்லை. வீரம்மாவும் போகச் சொல்லவில்லை.

மார்ச் 3, 1945

புதுச் சீட்டு. நோட்டு காகிதமாகிவிட்டதால் எங்கள் வருமானம் 2,200! ஆயிரம் கழித்து, வரி 120. பழைய ஆயிரத்தை இன்னும் நகர்த்தவில்லை, பாவிகள். அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வீரம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“போன தடவ மூணு பேரு இருந்துச்சு மாமா. இப்ப ரெண்டுதான் இருக்கு.”

மார்ச் 5

“சயாம் போனவங்க பேரையெல்லாம் எடுத்தாச்சு பெரியவரே. வரி குறையுதில்ல, உங்களுக்கு லாபந்தானே லா” என்றான் பாஸ்கல்.

யாரைக் கேட்டு எடுத்தாய்? நான் எழுதிக் கொடுத்தேனா? கையெழுத்து எங்கே, காட்டு என்றேன். மேலிருந்து உத்தரவாம். என்ன உத்தரவு, யார் போய்ப் பார்த்தது? அவனுக்குத் தெரியாதாம். தெரியாமல் எப்படிடா ஒருத்தன் பேர அடிப்ப?

அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினேன்.

‘எனக்கு வரி குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். என் மகன் இராமசாமி சயாமில் வேலை செய்கிறான். நாளுக்கு ஒரு வெள்ளி, வருடத்துக்கு 360. அதற்குரிய வரி 36 வெள்ளியை 120-உடன் சேர்த்துக் கட்டுகிறேன். மூன்று பெயரும் போட்டு ரசீது தரவும். இப்படிக்கு, அப்பாவு.’

பாஸ்கல் 120 மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினான். நான் திருப்பித் தள்ளினேன். மறுபடி தள்ளினான். மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்கும் போவேன். ரசீது வேண்டும்.