ரொட்டியின் எடை

தம்பிக்கு,

நாளைக்குள் விலைப் பட்டியலில் கையெழுத்திடாவிட்டால் வேலை போய்விடும் என்று இயக்குநராக நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. அக்காவாகப் பதில் எழுதுகிறேன்.

இருபத்தாறு வருடமாக நம் புள்ளிவிவர அலுவலகத்துக்காகச் சந்தையில் விலை கேட்டு எழுதுகிறேன். ரொட்டியின் விலை ஏறவில்லை, உண்மைதான். ஆனால் நானூறு கிராம் ரொட்டி முந்நூற்றிருபது கிராமாகிவிட்டது. வெளிநாட்டு நிபுணர்கள் தந்த புதிய படிவத்தில் எடைக்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினேன். நீ அதை அடித்துவிட்டாய்.

"கட்டத்துல இல்லாததையெல்லாம் எழுதாதீங்கக்கா" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "எட்டாவதுதான் படிச்சிருக்காங்க, கண்டுக்காதீங்க" என்று சிரித்தாய். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்த்துவதா என்று முடிவு செய்வார்கள். ரொட்டிக்கடைக்காரரே, "உங்க தம்பி ஆபீஸ்ல தராசு இல்லையாம்மா?" என்று கேட்கிறார்.

பட்டியலைக் கையெழுத்திடாமல் அனுப்புகிறேன். கூடவே ஒரு ரொட்டியும் என் தராசும் இருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு நீயே நிறுத்துப் பார். அதன் பிறகும் மனம் வந்தால், என் இடத்தில் நீ கையெழுத்துப் போட்டுக்கொள்.

தராசை மட்டும் திருப்பி அனுப்பிவிடு. வேலை போனாலும் திங்கட்கிழமை நான் சந்தைக்குப் போவேன்.

அக்கா