கணுக்கள் ஒன்றுபோல் இருந்த மூங்கில்

மதினி,

இன்று காலை கூரியரில் ஒரு பெட்டி வந்தது. மேலே பெரிய எழுத்தில் 'அசல் மூங்கில் ஷீட்' என்று அச்சடித்திருந்தது. அந்த 'அசல்' என்ற சொல்லைப் பார்த்ததும் கத்தரிக்கோலை எடுக்கப்போன கை நின்றுவிட்டது. "அசல்னு அவனே எழுதிருக்கான்னா என்னமோ இருக்கு" என்று நீங்கள் பக்கத்தில் நின்று முணுமுணுத்தது போலிருந்தது. பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்த நாளிலிருந்தே நீங்கள் யாரையும் லேசில் நம்பியதில்லை. பஸ் ஏறினால் கண்டக்டரிடம் ஊர் பேரைக் கேட்டுவிட்டு, அது போதாதென்று டிரைவரிடமும் கேட்பீர்கள். "இவ என்னையே இன்னும் முழுசா நம்பல" என்று அண்ணன் சிரிப்பான். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

தீப்பெட்டி லேபிள் அடித்துக்கொண்டிருந்த அச்சகத்தை அண்ணன் மூடிய பிறகு, அந்த அறையில்தான் நாம் லேசர் மெஷினைப் போட்டோம். கம்ப்யூட்டரில் படம் வரைவது நான், வெட்டுவது நீங்கள். தேக்குப் பலகையில் பூவின் வடிவத்தை மெஷின் பள்ளமாகச் சுட்டெடுக்கும். அதே வடிவத்தில் மூங்கிலை வெட்டி அந்தப் பள்ளத்தில் பதிக்க வேண்டும். லேசர் கதிர் போகும் வழியில் மயிரிழை அளவு மரம் எரிந்துபோகும் என்பதால், மூங்கில் துண்டை ஒரு பொட்டு பெரிதாக வரையாவிட்டால் சுற்றிலும் இடைவெளி தெரியும். "படத்துல சரியாத்தானே மதினி இருக்கு" என்று நான் சொன்னால், ஒரு துண்டை வெட்டிப் பள்ளத்தில் உட்காரவைத்து நகத்தால் தடவிப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை வெட்டவிடுவீர்கள்.

என் மகள் கவிதாவுக்குக் கயத்தாற்றிலிருந்து சம்பந்தம் வந்தபோது எல்லாருக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை சரவணனும் நம்மைப் போலவே லேசர் கடை வைத்திருந்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் பெயர்ப்பலகை, போட்டோ சட்டம் எல்லாம் செய்தான். ஒரே தொழில், ஒரே ஜில்லா, இனி என்ன வேண்டும் என்று நினைத்தோம். நிச்சயத்துக்கு முன்னால் அவன் அப்பா ஒரு கட்டு ஷீட்டோடு வந்தார். கல்யாண மேடைக்குப் பெண் மாப்பிள்ளை பேரை நம் கையால் பதித்துத் தர வேண்டும் என்று கேட்டார்.

"அசாம்லேருந்து வரவழைச்சது. சுத்தமான மூங்கிலு. எங்க கடையில பூரா இதுதான் ஓடுது" என்றார்.

அவர் காபி குடித்து முடிக்குமுன்பே நீங்கள் இரண்டு ஷீட்டை எடுத்து ஜன்னல் பக்கம் போய்விட்டீர்கள். அவர் கிளம்பியதும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏட்டி, இங்கன வா. இந்தக் கணுவப் பாரு. அந்த ஷீட்லயும் இதே எடத்துல, இதே வளைவுல இருக்கு. எங்கயாவது ரெண்டு மூங்கில் இப்படி அச்சு அசலா முளைக்குமா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல இடம் கைகூடி வரும் நேரத்தில் இவர் கணுவை எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று பட்டது. நீங்கள் அடுப்பைப் பற்றவைத்தீர்கள். செம்புக் கம்பி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, ஷீட்டின் மேல்தோலில் வைத்து இழுத்து, மறுபடியும் தீயில் காட்டினீர்கள். தீ பச்சையாக எரிந்தது.

பி.வி.சி. இருந்தால்தான் அப்படிப் பச்சைத் தீ வரும். மூங்கில் போல அச்சடித்து மேலே ஒட்டிய பிளாஸ்டிக் அது. அதை லேசரில் வெட்டினால் வரும் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும், மெஷினின் இரும்பையே தின்றுவிடும். இது எனக்கும் தெரியும். ஆனால் சம்பந்தி கொண்டுவந்த பொருளில் அதைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் கொதித்துவிட்டான். "ஒரு ஷீட்டுக்காக சம்பந்தத்தக் கெடுத்துராத. அவிய காதுக்குப் போனா என்ன நெனப்பாவ?"

"அவிய தெரியாம வாங்கியிருந்தா, அந்தப் பையன் தெனமும் அந்தப் புகையிலதான் நிக்கான். தெரிஞ்சே வாங்கியிருந்தா, இன்னும் எதையெல்லாம் மூடி வச்சிருக்காவளோ. எதுன்னு பாக்காம எப்படிப் பிள்ளையக் குடுக்கது?" என்றீர்கள்.

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் நாம் இருவரும் கயத்தாறு பஸ் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. நீங்கள் மடியிலிருந்த பையைத் தடவிக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டீர்கள்.

கடைக்குள் நுழைந்ததுமே காட்டமான நெடி மூக்கில் ஏறியது. புகையை வெளியே இழுக்கும் ஃபேன் இல்லை. வேலை செய்துகொண்டிருந்தவரின் கண்கள் பழுத்துச் சிவந்திருந்தன. நீங்கள் நேரே மெஷின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தீர்கள். வாங்கி அதிக நாள் ஆகாத மெஷின், அதற்குள் லேசர் முனை ஓடும் கம்பியெல்லாம் துருவேறியிருந்தது.

சரவணன் பதறி எழுந்தான். "வாங்க அத்தை. சொல்லாம வந்திருக்கீங்க?"

"சொல்லிட்டு வந்தா ஜன்னலத் திறந்து வச்சிருப்பீய" என்றீர்கள். "இந்த நெடி என்னன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டேன் அத்தை. புதுப் பசை வாடைன்னு அப்பா சொன்னாவ. எனக்கும் சந்தேகந்தான். ஆனா அவியகிட்ட எப்படி…"

நீங்கள் பையிலிருந்து செம்புக் கம்பியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தீர்கள். அவனே காய்ச்சி ஷீட்டில் வைத்து இழுத்தான், அவனே பச்சைத் தீயைப் பார்த்தான். உடனே மெஷினை அணைத்தான். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வேலைக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, கிளம்புங்க. முதல்ல கண்ணு டாக்டரப் பாப்போம்" என்றான். அப்போது அவன் அப்பா உள்ளே வந்தார். நம்மைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சத்தம் போட வாயெடுத்தவரிடம் அவன் கேட்டான்.

"அப்பா, இது மூங்கில் இல்ல. தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு அர்த்தம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் அவர் வீட்டுக்கு வந்தால் என் கண் ஒருமுறை அவர் முகத்தைத் தேடிவிட்டுத்தான் திரும்பும்.

திரும்பும் பஸ்ஸில், "பையன் எப்படி மதினி?" என்று கேட்டேன்.

"பரவால்ல. கொஞ்ச நாளு பாப்போம்."

அந்தக் கடையில் ஃபேனும் புகைக்குழாயும் போடும்வரை நிச்சயத்தைத் தள்ளிவைத்தீர்கள். போட்டாயிற்று என்று போன் வந்தபோதும் நம்பாமல் நேரில் போய், குழாய் முனையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அதன் பிறகுதான் கவிதாவின் கல்யாணம் நடந்தது. இன்றைக்கு ஒரு ஷீட் உள்ளே வந்தால் சரவணன் கம்பியைத்தான் முதலில் தேடுகிறான்.

போன மழைக்காலத்தில் உங்களுக்கு வயிற்றுவலி வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். உங்களிடம் குடல் புண் என்று சொல்வது என முடிவாயிற்று. அண்ணன் சொன்னான், கவிதா சொன்னாள், டாக்டரும் சிரித்த முகத்தோடு வந்து அதையே சொன்னார். நீங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

சாயங்காலம் அண்ணனை டீ வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னீர்கள்.

"வெறும் புண்ணுக்கு அந்த நர்ஸ் ஏன் எங்கிட்ட இவ்வளவு அன்பா பேசுதா? இவிய சொல்லுதது ஒண்ணும் பொருந்தல. நீ சொல்லு. நீ சொன்னா நம்புதேன்."

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன நோய், எங்கே பரவியிருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் சொன்னேன். என் குரல் உடைந்த இடங்களில் நீங்கள் காத்திருந்தீர்கள். நான் முடித்ததும், "சரி" என்றீர்கள். பிறகு, "கவிதாவ அழ விடாத" என்றீர்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, கண்மூடும் நாள்வரை, நீங்கள் டாக்டரிடமோ அண்ணனிடமோ அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் சொன்னதைச் சரிபார்க்கவே இல்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது சந்தேகப்படும் குணம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, யார் என்னைப் பார்த்து எதைக் கேட்டாலும், எனக்குப் பொய் சொல்ல வாய் வருவதில்லை மதினி. சின்னப் பொய்கூட.