மொச்சை வேகும் தண்ணீர்

வயோமிங்,
1868 ஜூலை 9

அன்புள்ள ஓரினுக்கு,

நலம். நீங்களும் நம் மாடுகளும் நலமா? இங்கே புது ரயில் பாதைக்குத் தண்டவாளம் போட்டு முடிந்த இடம்தான் ஊர். தண்டவாளம் முன்னே போனால் சாராயக் கடை, தபால் ஆபீஸ் எல்லாவற்றையும் பலகை பலகையாகக் கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு நாங்களும் போகிறோம். என் சாப்பாட்டுக் கொட்டகையைப் பிரித்துக் கட்டியே கை காய்த்துவிட்டது. பின்னாலேயே வருகிறேன் என்றீர்களே, எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
கெசையா

அயோவா,
ஜூலை 24

அன்புள்ள கெசையா,

ஓடுகிற ஊரில் எப்படிக் குடியிருப்பது? அங்கே மரம் உண்டா? பாதிரியார்? சாராயக் கடையையும் கழற்றுவார்கள் என்றால் உள்ளே குடித்துக்கொண்டிருப்பவர்கள் கதி என்ன? அக்கா கேலி செய்கிறாள்: "சட்டிபானையெல்லாம் மறக்காம எடுத்துட்டுப் போனா. உன்னைத்தான் மறந்துட்டா." நகராத ஊர் ஒன்று கிடைத்தால் எழுது. மறு வண்டியில் வருகிறேன், சத்தியமாக.

உன்
ஓரின்

வயோமிங்,
ஆகஸ்ட் 15

அன்புள்ள ஓரினுக்கு,

கிடைத்துவிட்டது. இந்தப் பக்கமெல்லாம் உவர் தண்ணீர். நாள் முழுக்க அடுப்பில் கிடந்தாலும் மொச்சை கல்லாகவே இருக்கும். இப்போது ஊர் நிற்கிற இடத்தில் ஓர் ஓடை இருக்கிறது, அதன் தண்ணீரில் மதியத்துக்குள் மசிந்துவிட்டது. உடனே எஞ்சின் ஓட்டும் மல்கேஹியிடம், உவர் தண்ணீர் எஞ்சினுக்கு ஆகுமா என்று கேட்டேன்.

"ஆகாதும்மா. உள்ள உப்பு படிஞ்சு பாய்லரே போயிடும்," என்றார்.

அப்படியானால் ரயில் தண்ணீருக்கு இங்கேதானே நின்றாக வேண்டும்? சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நேற்று மொத்த ஊரும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. நான் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. வாருங்கள்.

உங்கள்
கெசையா

அயோவா,
செப்டம்பர் 2

அன்புள்ள கெசையா,

மொச்சையை நம்பி யாராவது ஊர் கட்டுவார்களா? ஓடையில் மீன் உண்டா? குளிர்காலத்தில் உறையுமா? சோளம் அறுவடை ஆகட்டும். ரயில்காரர்கள் நிஜமாகவே ஸ்டேஷன் கட்டினால் எழுது, பார்க்கலாம். அதுவரை பத்திரமாக இரு.

உன்
ஓரின்

வயோமிங்,
அக்டோபர் 6

ஓரினுக்கு,

ஸ்டேஷன் கட்டிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி நிற்கிறது, எஞ்சின் கொட்டகைக்குக் கல் வந்து இறங்குகிறது. சிரித்துவிட்டுப் போனவர்களில் சிலர் பலகைகளோடு திரும்பி வந்து என் பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள்.

நேற்று ஸ்டேஷன் பலகை எழுத ஓர் ஆள் பெயிண்டோடு வந்தார். "இங்க முதல்ல குடி வந்தது யாரு? அவங்க பேரைத்தான் வைக்கிறது," என்றார்.

ஓரின் என்று சொல்லத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தனியாகக் கிடந்த அந்த நாட்களில் அதைச் சொல்லியும் பார்த்துக்கொண்டேன். அவர் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். வாயில் என் பெயர்தான் வந்தது. பெரிய வெள்ளை எழுத்தில் எழுதிவிட்டார்.

வருவதானால் கெசையாவுக்கு என்று கேட்டு டிக்கெட் வாங்குங்கள். ரயில் நிற்கும். நான் வாசலில் நிற்க மாட்டேன்.

கெசையா