நிரலுக்குள் நம் பன்றிகள்

அன்புள்ள அம்மா,

என் மேலாளர் ஹெந்தார்த்தோ ஒரு திருடர். மற்றபடி நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வேலை பார்த்துக்கொண்டே அவரும் நானும் ஒரே கணினி முதுகலை வகுப்பில் படிக்கிறோம். நான் எழுதிய நிரலை வாங்கிப் பார்த்தவர், அப்படியே தன் பெயரில் கொடுத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதில் வரும் எண்களுக்கு நம் பன்றிகளின் பெயர்களைத்தான் வைத்திருந்தேன்.

"யாருங்க இந்த நோனா, பெலாங்?" என்று ஆசிரியர் அவரைக் கேட்டார்.

"அது... புதுக் கணக்கு முறைங்க சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆசிரியர் சொன்னார்: "ரெண்டு பேருதும் ஒண்ணாவே இருக்கு. யாரு யாரைப் பார்த்து எழுதினீங்கன்னு திங்கக்கிழமை சொல்லுங்க. பார்த்து எழுதினவங்க வகுப்புல இருக்க முடியாது."

வெளியே வந்ததும் மேலாளர் சொன்னார்: "நீ காப்பியடிச்சதா சொல்லிடும்மா. சின்னப் பொண்ணு, அப்புறம் படிச்சுக்கலாம். வகுப்புக்கு வர உனக்குச் சனிக்கிழமை லீவு தர்றது யாரு?"

இங்கே சுரபாயாவில் நம் தீவின் மிளகாய்ச் சம்பல் கிடைப்பதில்லை. ஒரு புட்டி அனுப்புங்கள். நோனா பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். உங்கள் முகம் தெரிய வேண்டும்.

தபால் நேரமாகிவிட்டது. இன்று அவர் மேசை முன்னால் போய், "எடுத்தது நீங்கதான்னு ஆசிரியர்கிட்டச் சொல்லுங்க சார்" என்றேன். என் சனிக்கிழமை விடுப்புத் தாளில் கையெழுத்துப் போடப் பிடித்திருந்த பேனாவை மூடி வைத்தார்.

உங்கள் யூலியா