பதினொரு மணி நடுக்கம்

மார்ச் 3, திங்கள்

இன்றும் பதினொரு மணிக்குப் படம் ஆடித் தொலைத்தது. செல் இரண்டாகப் பிரியப்போகிறது, குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கின்றன, அப்போது பார்த்து எல்லாம் நெளிகிறது. தேர்வாளர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஆட்டமில்லாமல் ஒரு முழுப் பிரிவின் காட்சி. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஆய்வேடு இன்னொரு வருடம் தள்ளிப்போகும்.

வேறு நேரம் எடுத்துக்கொள்ளக் கான்ஃபோகல் நுண்ணோக்கி என்ன என் அப்பா வீட்டுச் சொத்தா? கட்டடம் முழுவதற்கும் அது ஒன்றுதான். எனக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. நேரத்தைப் பங்கு போடுபவர் அதைப் பராமரிக்கும் லென்ஸ் அக்கா. மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் என் மூக்குக்கண்ணாடி விரிசல் விடாதது அதிசயம்.

மார்ச் 4

அக்காவுக்கு என் கால்மேல்தான் சந்தேகம். உட்கார்ந்தால் காலாட்டுவேனாம். ஆட்டுவேன்தான். இன்று இரண்டு காலையும் நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டேன். கால் மரத்துப்போனது, படம் ஆடியது. "சரி, நீ இல்ல" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து இதுவே பெரிய பட்டம்.

குற்றவாளி மேசைதான் என்பது அவர் கட்சி. காற்றுத் தலையணைமேல் மிதக்கவேண்டிய மேசை அது. காற்று இறங்கிப்போய் மாதக்கணக்கு ஆகிறது. யார் எங்கே தும்மினாலும் நுண்ணோக்கிக்குத் தெரியும். பழுது பார்க்க ஆய்வு நிலைய இயக்குநர் சம்மதிக்க வேண்டும். நாளை பதினொன்றுக்கு அவரையே வந்து பார்க்கச் சொல்லிவிட்டோம்.

மார்ச் 5

வந்தார். உட்கார்ந்தார். கல் மாதிரி நின்றது படம்.

"எங்கேம்மா ஆடுது?" என்று கேட்டுவிட்டு, மேசைக்கு ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். நானும் அக்காவும் திருட்டு முழி முழித்தோம். அந்தப் பாழாய்ப்போன செல்லாவது பிரிந்ததா? அதுவும் இல்லை.

மார்ச் 6

ஆடியது. அவர் வந்தால் ஆடாது, போனால் ஆடும். அவரைக் கண்டால் மேசைக்கும் பயமா?

ஒரு நிமிஷம். அவர் வந்தால் ஆடாது...

மார்ச் 7

எங்கள் தலைக்கு நேர்மேலே இயக்குநர் அறை. அக்காவை நுண்ணோக்கியிடம் விட்டுவிட்டு, கையெழுத்து வாங்கும் சாக்கில் பதினொன்றுக்கு மாடிக்குப் போனேன். உதவியாளர் வழிமறித்தார். "ஐயா தியானத்துல இருக்காரு. இப்ப யாரும் உள்ள போகக்கூடாது."

மூடிய கதவுக்குப் பின்னால் தொம், தொம், தொம். நடுநடுவே சாட்டை சுழற்றுவதுபோல் ஒரு 'சர்'. உடம்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னது ஊருக்கே தெரியும். மனிதர் கயிறு தாண்டுகிறார்! நான் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டேன். உதவியாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரை அதிர ஒரு தியானம்.

மார்ச் 8, சனி

யார் போய்ச் சொல்வது? ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கிறது, என்னை விட்டுவிடு என்கிறார் அக்கா. என் ஆய்வு வழிகாட்டிக்கு விஷயத்தைக் கேட்டதுமே இருமல் வந்துவிட்டது. கயிற்றில் கொஞ்சம் லென்ஸ் எண்ணெய் தடவலாமே என்கிறாள் தங்கை. கொழுப்பு.

சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா பயமா இருக்கு. அஞ்சு வருஷம் நாயா உழைச்சது ஒரு கயித்துல வந்து தொங்குது. அந்த மனுஷன் கோவிச்சுக்கிட்டார்னா? கான்ஃபோகல் பக்கமே வராதேன்னு சொல்லிட்டார்னா? நான் எங்க போவேன்?

மார்ச் 10

கயிற்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். ஒன்று அவர் கீழே இருந்தபோது எடுத்தது. இன்னொன்று வெள்ளிக்கிழமை அவர் 'தியானத்தில்' இருந்தபோது. லேசர் மேலிருந்து கீழாக வரி வரியாக வருடித்தான் படம் எடுக்கிறது, நடுவில் எது அதிர்ந்தாலும் அந்த வரி நெளிந்துவிடும் என்று மட்டும் சொன்னேன்.

ஆய்வாளராக இருந்தவர்தானே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்வமாகவே குனிந்தார். நெளிவுகள்மேல் விரல் ஒவ்வொன்றாக இறங்கியது. சீரான இடைவெளியில் நெளிவு, நெளிவு, நெளிவு. பிறகு கொஞ்ச தூரம் சுத்தமான படம். மறுபடி நெளிவு. அந்தச் சுத்தமான இடத்தில் விரல் நின்றது. காது மடல் சிவந்தது.

"இங்கதான் கயிறு கால்ல மாட்டிக்கிச்சு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

நான் சிரிக்கவில்லை. என் வாழ்நாளின் ஆகப்பெரிய சாதனை அதுதான், ஆய்வேடெல்லாம் அப்புறம்.

மார்ச் 11

பத்தே முக்காலுக்கு நுண்ணோக்கி இருக்கும் இருட்டறைக் கதவு திறந்தது. இயக்குநர். அக்கா பதறி எழுந்தார்.

"கயித்த வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். இருந்தாலும் பழக்கம் பாருங்க, மேல இருந்தா காலு சும்மா இருக்காது. இங்கயே உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தார். பதினொன்றைத் தாண்டியதும் என் செல் மெல்ல இழுபட்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் பிரிந்தது. ஒரு வரிகூட நெளியவில்லை. எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. நல்லவேளை, அறை இருட்டு. அவர் திரைப்பக்கம் இன்னும் குனிந்தார். "இன்னொண்ணு பிரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 14, வெள்ளி

காட்சியைத் தேர்வாளருக்கு அனுப்பிவிட்டேன். அருமை என்று ஒரே வார்த்தையில் பதில். தங்கைக்கு நான் இன்று முதல் முனைவரம்மா.

மேசைக்கும் சம்மதம் வந்துவிட்டது. ஆனால் பழுது பார்ப்பவர் அடுத்த மாதம்தான் வருவாராம். திங்கள் முதல் என் நேரம் அடுத்த குழுவுக்குப் போகிறது. அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கதவுப் பலகையில் லென்ஸ் அக்கா எழுதி வைத்திருக்கிறார்: பச்சை லேசர், சிவப்பு லேசர், இயக்குநர்.