முதலில் ஒரு குறை

ஏப்ரல் 6

கர்த்தருக்குள் பிரியமான என் மனைவிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் மகளும் மருமகனும் புதிதாக வந்து சேர்ந்த பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன். பிரசவம் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனாய். நீ போய் இறங்கினாய், இந்தத் தொற்றுநோய்க்குப் பயந்து உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. தபாலும் நின்றுவிட்டதால், காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து உன் செல்லுக்கு அனுப்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். நாள் முழுக்கப் பேசிப் பேசி என் காது சூடேறிக் கிடக்கிறது. நீயாவது எழுத்தாக இரு.

தெரு அடங்கிவிட்டது. போலீஸ் வண்டி ஒலிபெருக்கியோடு போகிறது. இத்தனை வருஷம் இருந்தும் இந்த ஊர் மொழி எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் வீட்டுக்குள்ளே போ என்பதற்கு மொழி எதற்கு?

சாயங்காலம் ஆனால் நம் மிஷனரிகளை வரிசையாகக் கூப்பிடுகிறேன். நர்ஸ், ஆற்றங்கரைத் தம்பதி, பாட்டுக்காரத் தம்பி, மற்றவர்கள். எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான்: "ஸ்தோத்திரம் அண்ணா, நல்லா இருக்கோம்." ஊருக்குத் திரும்ப ஒரு விமானம் ஏற்பாடாகிறது, யார் யார் வருகிறார்கள் என்று தலைமை அலுவலகம் கேட்டது. ஒருவரும் கிளம்பவில்லை. "ஆடுகளை விட்டுட்டு மேய்ப்பன் ஓடலாமாண்ணா?" என்றான் பாட்டுக்காரத் தம்பி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மவர் யாரும் இல்லாமல் விமானம் பறந்துவிட்டது. இப்படி ஒரு குழுவை நடத்தக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஊழியத்தில் உன்னோடு இணைந்த,
பணித்தளத் தலைவர்


ஏப்ரல் 13

பணித்தளத் தலைவர் அவர்களுக்கு, அவருடைய சம்சாரம் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏம்மா, இது உனக்கு எழுதினதா, காணிக்கை அனுப்புறவங்களுக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன். அடியில் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் சிரிப்பு.

பேரனுக்கு உங்கள் நெற்றி. பசித்தால் வீட்டை இரண்டாக்கிவிடுகிறான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? உங்கள் மிஷனரிகள் ஒருவர்கூட அழவில்லை என்று பெருமைப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பாட்டுக்காரத் தம்பியை நன்றாக விசாரியுங்கள். வெளியூரில் கடை மாடியில் தனியாகக் கிடக்கிறவன். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவன் "போதும்க்கா" என்றதை நம்பி நான் ஒருநாளும் கரண்டியை நிறுத்தியதில்லை.

என் முழங்கால் பரவாயில்லை. மற்றபடி எனக்கும் ஸ்தோத்திரம்தான். வேறென்ன எழுத?

உங்கள்,
வீட்டுக்காரி


ஏப்ரல் 27

அன்புள்ளவளுக்கு,

நீ சொன்னது நடந்துவிட்டது. பாட்டுக்காரத் தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேலாகவே இருந்திருக்கிறது. நான் கூப்பிட்ட ஒவ்வொரு சாயங்காலமும் "ஸ்தோத்திரம் அண்ணா" என்றான். நானும் நிம்மதியாக அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டேன். மாடிப்படியில் விழுந்து கிடந்தவனைக் கீழே இருக்கும் கடைக்காரர் பார்த்து ஆம்புலன்ஸை வரவழைத்திருக்கிறார். ஊர் விட்டு ஊர் போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. நம் நர்ஸ்தான் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தோழியைப் பிடித்து, போனை அவன் காதில் வைக்கச் செய்தாள்.

"ஏண்டா சொல்லல?" என்றேன்.

"குறை சொன்னா... விசுவாசம் இல்லேன்னு நெனப்பீங்க. நீங்கதானேண்ணா... முறுமுறுக்கக் கூடாதுன்னு பிரசங்கம் பண்ணீங்க."

அந்த நாலு வார்த்தைக்குள் எத்தனை தரம் மூச்சு வாங்கினான் தெரியுமா? பிழைத்துவிடுவான் என்கிறார்கள். இனிப் பாடுவது சந்தேகம்தானாம். இவர்களுக்கு நான் இத்தனை வருஷமாக வேறு என்ன கற்றுக்கொடுத்தேன்? வலித்தாலும் சிரிக்கத்தான்.

இப்போது ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். இனி யாரும் எடுத்த எடுப்பில் ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது. முதலில் ஒரு குறை, அப்புறம்தான் ஸ்தோத்திரம். முதல் நாள் எல்லாரும் கொசுவைக் குறை சொன்னார்கள். இரண்டாம் நாள் ஆற்றங்கரைத் தங்கை, "இவரோட ஒரே ரூம்ல இருக்க முடியலண்ணா" என்று ஓவென்று அழுதாள். நர்ஸ், "அந்த பிளைட்ல நான் போயிருக்கணும்ண்ணா. எல்லாரும் இருக்கோம்னு சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்" என்றாள்.

களைத்துப் போயிருக்கிறேன். இந்தச் சட்டம் உனக்கும் உண்டு. உன் முழங்கால் கதையெல்லாம் கணக்கில் வராது.

உன்,
பணித்தளத் தலைவர்


மே 11

என்னங்க,

தம்பி எழுந்து உட்கார்ந்தான் என்ற செய்தி வந்தபிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். நேற்று நர்ஸ் சொன்னாள். இனி ஒளிக்க எனக்குச் சாக்கு இல்லை.

நான் திரும்பி வரவில்லை. விமானம் விட்டாலும் வரவில்லை. இதுதான் என் குறை. எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது, அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

உங்கள் மேல் கோபமில்லை. கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டுக் கதவு சாத்தியதில்லை. எந்த மிஷனரி வீட்டில் சண்டை வந்தாலும் அந்தப் பெண் நம் சமையலறைக்குத்தான் வந்தாள். அடுப்பில் ஒரு கண்ணும் அவள் மேல் ஒரு கண்ணுமாக நின்றே என் வயசு போய்விட்டது. தலைவர் மனைவி எங்கே போய் அழுவாள்? உங்களிடம் சொல்ல நினைத்த நாளெல்லாம் நீங்கள் அடுத்தவர் அழுகையைச் சுமந்துகொண்டு களைத்து வந்தீர்கள். சாப்பாடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஊரே இந்த ஊரடங்கைத் திட்டுகிறது. எனக்கு இது ஓய்வுநாளாக இருக்கிறது. ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது. என் விசுவாசம் எங்கும் போய்விடவில்லை. கால்தான் ஓய்ந்துவிட்டது.

குறைக்கு அப்புறம் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமாமே. நன்றி சொல்ல ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தேன். இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரி


மே 25

அன்புள்ளவளுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. முதலில் எழுதியதில் நிறைய வசனம் இருந்தது, கிழித்துப் போட்டேன். அடுத்து எழுதியதில் கோபம் இருந்தது, அதையும் கிழித்தேன். யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய் என்று கேட்கத்தான் வாய் வந்தது. உன்னை இங்கே கூட்டிவந்தபோது நான் யாரைக் கேட்டேன் என்று யோசித்தேன். கடவுளைக் கேட்டேன், தலைமை அலுவலகத்தைக் கேட்டேன்.

போன வாரம் எல்லாரும் ஒரே அழைப்பில் இருந்தபோது, "அண்ணா, சட்டம் உங்களுக்கு இல்லையா?" என்று நர்ஸ் மடக்கினாள். ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்காத குறைதான். "உங்க அக்கா இனி வரமாட்டேன்னுட்டா" என்றேன். நம்மவர்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, தும்மினாலே ஒரு வசனம் சொல்கிறவர்கள். அன்றைக்கு ஒருவரும் ஒரு வசனமும் சொல்லவில்லை. கடைசியில் பாட்டுக்காரத் தம்பிதான் மெல்ல, "அக்கா பாவம்ண்ணா" என்றான்.

என்னை விடுவிக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். செயலாளர் உடனே கூப்பிட்டு, "இந்த நேரத்துல மேய்ப்பன் ஓடலாமா?" என்றார். "நானும் ஒரு ஆடுதாங்க ஐயா" என்றேன். வேறு ஆள் வந்து சேரும்வரை இருக்க வேண்டுமாம். இருக்கிறேன். நர்ஸை ஊருக்கு அனுப்பிவைக்காமல் என்னாலும் கிளம்ப முடியாது. அது முடிந்ததும் அங்கே வரலாமென்று இருக்கிறேன்.

உன்னைத் திருப்பிக் கூட்டிவர அல்ல. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வந்தால் உனக்குத் தொந்தரவாக இருக்குமா? நிஜத்தைச் சொல். ஸ்தோத்திரம் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

உன்,
வீட்டுக்காரன்


மே 26

என்னங்க,

தொந்தரவாகத்தான் இருக்கும். இங்கே இருப்பதே இரண்டு அறை. நீங்கள் குறட்டை விடுவீர்கள், பேரன் விழித்துக்கொள்வான், மருமகன் வெளியே சொல்லாமல் முழிப்பார். வந்த மறுநாளே பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவீர்கள். இந்தக் கதவை மட்டும் நான் திறந்துபோட விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத் தேடிக் கிடைக்காத ஸ்தோத்திரம் நேற்று கிடைத்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை ஊர் மாறினோம்! ஒரு ஊருக்காவது என்னைக் கேட்டுவிட்டு நீங்கள் கிளம்பியதில்லை. இப்போதுதான் கேட்டிருக்கிறீர்கள்.

வாருங்கள்.

வீட்டுக்காரி