துரைக்கு வைத்த இலை

அண்ணை,

இன்று காலை தையல் மெஷினைத் திறந்து துடைத்தேன். துணி தள்ளுகிற பல்லுக்கு அடியில், எண்ணெய் பிடித்த மூலையில், கொஞ்சம் பஞ்சு திரண்டு கிடந்தது. பச்சையும் மண்ணிறமும் கலந்த பஞ்சு. விரலில் எடுத்து முகர்ந்தேன். பெற்றோல், பழைய சிகரெட், ஈரம் காயாத இரும்பு. உடனே நீங்கள் வந்துவிட்டீர்கள். கராஜ் கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு, வாயில் ஆணியும் கையில் தேத்தண்ணியுமாக.

நீங்கள் போய் இது இரண்டாவது குளிர்காலம். உங்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு விசயம் என்னிடம் தங்கிப்போய்க் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுவதாக நினைக்கவேண்டாம். உங்களோடு எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது.

அந்தக் காரை ரொம்ஃபோர்டில் ஒரு எலெக்ட்ரீசியனிடம் வாங்கி, லொறியில் ஏற்றி, அப்டன் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு எடுத்த கராஜுக்குக் கொண்டுவந்தீர்கள். நான் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ஆரும் மிதிச்ச தகரப் பேணி மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தது. ஹொட் ரொட் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னீர்கள். ஆதியில் அது ஒரு பாதிரியாரோ பள்ளிக்கூட வாத்தியாரோ ஓட்டக்கூடிய அடக்கமான சின்ன இங்கிலீஷ் கார். யாரோ ஒருவர் அதன் கதவுத் தூண்களை அறுத்து, கூரையை நாலு விரற்கடை இறக்கி, முன் மட்காட்டுகளைக் கழற்றி எறிந்து, அதன் உடம்புக்குப் பொருந்தாத பெரிய எஞ்சினை உள்ளே திணித்து, வேகத்துக்கென்றே வேறொரு பிராணியாக மாற்றியிருந்தார்.

அந்த யாரோ ஒருவர்தான் உங்களைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மனியில் பதினைந்து வருசம் கார் உடம்பு வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் நீங்கள். எவருடைய வேலையையும் ஒரு சொல் புகழமாட்டீர்கள். அப்படிப்பட்டவர், தூணில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பெயின்ற் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைக் கத்திக் கூப்பிட்டீர்கள். "பிள்ளை, இஞ்சை வா. தடவிப் பார். ஒட்டே தெரியேல்லை. கேஸ் நெருப்பிலை, வெறுங்கையாலை செய்திருக்கிறான். எப்பேர்ப்பட்ட துரையடா நீ!" அன்றிலிருந்து முகம் தெரியாத அந்த மனிதர் எங்கள் வீட்டில் துரை ஆனார். எலெக்ட்ரீசியனுக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அதற்கு அப்பால் வழியில்லை. பதிவு அலுவலகத்தில் கேட்டீர்கள். அவ்வளவு பழையது தங்களிடம் இல்லை என்றுவிட்டார்கள்.

அதற்காக நீங்கள் துரையை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஸ்பனர்களைக் கழுவி அடுக்கி, பொனற்றுக்குச் சந்தனம் வைத்து, கடலையும் அவலும் படைப்போம் அல்லவா? பூசை முடிந்ததும் பின் சில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன இலை போடுவீர்கள். "அந்த மனுசன் செத்து எந்தக் காலமோ. அவற்றை கைக்கு ஒரு இலை." அதில் ஒரு பியர் கானும் இருக்கும். சாமிக்கு முன்னால் பியரா என்று நான் கத்தினேன். "இது சாமிக்கில்லை, துரைக்கு. துரை கடலை தின்னுவரே?" என்றீர்கள். பிறகு அந்தப் பியரைக் குடித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

கடலை அவித்துக் கொண்டுவந்து கதவடியில் நிற்பதுதான் என் வேலை. எஞ்சின் பக்கம் ஒருநாளும் விடமாட்டீர்கள். "சீலை மாட்டுப்படும் பிள்ளை." நான் உடுப்புத் தொழிற்சாலையில் இருபது வருசம் காற்சட்டையோடு நின்று வேலை செய்தவள். ஒருவரும் சொல்லித் தராமல், குப்பையில் கிடந்த கோட்டு ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே கோட்டுத் தைக்கப் பழகியவள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னீர்கள். "நீ சீற்றைத் தை. அது காணும்." சீற்றுக்கும் முறை வரவில்லை. எஞ்சினை முடித்தீர்கள், காரின் அடித் தரையை ஒட்டினீர்கள், பிரேக்கையும் முடித்தீர்கள். அதன்பிறகு நீங்களே முடிந்துபோனீர்கள்.

மாரிகாலம் கழிந்ததும் உங்கள் மகன் வந்தான். காரை வாங்க ஒருவர் இருக்கிறாராம். அவருக்குச் சீற் கறுப்புத் தோலில் புதிதாக வேண்டுமாம்.

"மாமி, பழசைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசாத் தைச்சுத் தாங்கோ."

"கொப்பர் இந்தக் காரைச் செய்தது ஆரெண்டு தேடித் தேடியே போனவர். தெரியுமோ?"

"அந்தத் துரைக் கதையோ? மாமி, ப்ளீஸ். அவர் எங்கை இனி? மாச முடிவிலை ஆள் வருகுது."

விற்றுவிட்டால் தேட எதுவும் மிஞ்சாது. கார் போகும், அதோடு உங்கள் ஒரே ஆசையும் போகும். நான் சீற்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எறிய அல்ல. பிரிக்க.

மேலே எலெக்ட்ரீசியன் போட்ட கறுப்பு றெக்சின். அவசரத் தையல், மூலையெல்லாம் சுருக்கம். அதைப் பிரித்தால் அடியில் சிறுத்தைப் புள்ளி போட்ட பொய் மயிர்த்துணி. அவுஸ்திரேலியாக்காரராக இருக்கவேண்டும், ஆள் கொஞ்சம் ஆட்டக்காரர் போல. ஒருவரும் முன்னவரின் துணியைக் கழற்றவில்லை, அண்ணை. சோம்பேறித்தனமோ என்னவோ, ஒன்றின்மேல் ஒன்றாக மூடிக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்தப் புள்ளித் துணியையும் உரித்தேன். அடியில் பச்சையும் மண்ணிறமும் கட்டம் போட்ட, தடித்த, குத்துகிற துணி.

லண்டனுக்கு வந்த புதிதில் அந்தத் துணியில்தான் வேலைக்குப் போய் வந்தேன். பஸ் சீற் துணி. தையல் வீட்டு மெஷினில் போட்டது அல்ல. இரட்டை ஊசி, மடித்துத் தட்டையாக அடித்த விளிம்பு. பகல் முழுவதும் அதையே தைக்கிறவருக்குத்தான் அப்படி ஓடும். துரை பஸ் சீற் தைக்கிற இடத்தில் வேலை செய்திருக்கிறார்! முதுகுப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கைப்பிடி ஸ்பொஞ்ச் வைத்து முன்னுக்குத் தள்ளியிருந்தது. பெடல்களில் மரக்கட்டை பூட்டியிருந்தது என்று, "எந்த மடையன்ரை வேலை" என்று சிரித்துச் சிரித்துக் கழற்றினீர்களே, அதுவும் அப்போதுதான் விளங்கியது. ஆள் கட்டை, கால் எட்டியிருக்காது.

கட்டையான துரை என்றுதான் நானும் நினைத்தேன். உங்களை இவ்வளவு குறை சொல்கிற நானும்.

ஞாயிற்றுக்கிழமை இப்படிப்பட்ட கார்க்காரர்கள் எசெக்ஸ் பக்கம் ஒரு பப்பின் முற்றத்தில் கூடுவார்கள். வெறும் ஸ்பொஞ்சோடு சீற்றைத் திரும்பப் பூட்டி, உங்கள் மகனைக் கொண்டு காரை அங்கே விட்டேன். அந்தத் துணியைக் கழுவாமல், கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். அவன் வெட்கத்தில் தூரப் போய் நின்றான். எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள். கடைசியில் நரைத்த குடுமி வைத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். காரைப் பார்க்கவில்லை. துணியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இங்கிலீஷில் கேட்டதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இது றீற்றாவின்ரை சீற் அல்லோ? எங்கை எடுத்தனீங்கள்?"

"றீற்றாவின்ரை மனுசனோ இந்தக் காரைச் செய்தவர்?"

கிழவர் இருமுகிறமாதிரிச் சிரித்தார். "மனுசனோ? அந்தாளுக்கு ரயர் மாத்தவே தெரியாது. அவதான் செய்தவ. முழுக்க. சட்டனிலை இருக்கிறா. போன மார்கழி நத்தாருக்கும் கதைச்சனான்."

அண்ணை, எனக்குச் சிரிப்பு வந்து, அடக்கமுடியாமல் வந்து, உங்கள் மகன் ஓடிவந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். உயிரோடு இருக்கிற மனுசிக்கு இத்தனை வருசமாக இலை போட்டிருக்கிறீர்கள்! நாங்கள் சில்லடியில் படைத்துக் கும்பிட்டு நின்ற நேரம், அந்த மனுசி ஆற்றுக்கு அந்தப் பக்கம், சட்டனில், தன் வீட்டில் ரீவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த கிழமை சட்டனுக்குப் போனோம். வீட்டு வாசலில் கார் நின்றதும், பிடித்து நடக்கிற சட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு குருவி அளவு மனுசி வெளியே வந்தார். எண்பது எப்போதோ தாண்டியிருக்கும். எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே கதவுத் தூணுக்குப் போய், நீங்கள் தடவிய அதே இடத்தைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

பஸ் திருத்துகிற இடத்தில் சீற் தைக்கிற பெண்ணாக இருந்தவராம். மத்தியானம் ஆண்கள் தேத்தண்ணிக்குப் போகிற நேரம், அவர்களுடைய கேஸ் நெருப்பை எடுத்து ஒட்டிப் பழகினாராம். தகப்பனுடைய கொட்டிலில் வைத்து இந்தக் கூரையை அறுத்தபோது இருபது வயசு. துணியென்றால் பிழையாக வெட்டினாலும் ஒரு சின்னச் சட்டைக்காவது ஆகும். ஒரு காரின் கூரையை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இனித் திரும்ப ஒட்டத்தான் வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை தனியாக நின்றிருக்கிறாள். பிறகு கலியாணம் கட்டி, காரைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனால், எல்லோரும் கணவரிடம்தான் கேட்பார்களாம்.

"அவர் என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"தலையாட்டுவார், லவ். கெட்ட மனுசனில்லை. நல்லாத் தலையாட்டுவார்." இந்த ஊர்க் கிழவிகளுக்கு எல்லோரும் "லவ்"தான்.

இலைக் கதையைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோபிப்பார் என்று நினைத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்ன வைச்சனீங்கள்?" என்றார்.

"கடலை, அவல், ஒரு பியர்."

"பியரோ? நான் என்ரை வாழ்க்கையிலை பியர் தொட்டதில்லை. ஜின் எண்டால் எனக்குத் தெரிய வந்திருக்கும்."

பிறகு கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "இந்தத் தரையிலை ஆரோ கை வைச்சிருக்கினம்." துருப்பிடித்துப் போன அவருடைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து நீங்கள் ஒட்டிய இடம். குனிய ஏலாது என்று என்னைப் போன் வெளிச்சம் பிடிக்கச் சொன்னார். கம்பளத்தை விலக்கச் சொன்னார். நான் முழங்காலில் நின்று பிடித்தேன். சட்டத்தில் மாட்டியிருந்த கைத்தடியின் நுனியால் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டு போனார். நடுவில் நின்றார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"ஆர் செய்தது?"

"என்ரை அண்ணை. இப்ப இல்லை."

"என்ரை ஒட்டு எங்கை முடியுது, அவற்றை ஒட்டு எங்கை தொடங்குது எண்டு எனக்கே பிடிபடேல்லை," என்றார் அந்த மனுசி.

அண்ணை, இதைத்தான் சொல்லவந்தேன். உங்கள் துரை சொன்னது இது. நீங்கள் நின்று கேட்டிருக்கவேண்டிய வசனம். நான் உங்களுக்குப் பதிலாக முழங்காலில் நின்று கேட்டேன். எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நீ எஞ்சின் வேலை செய்தாயா என்று என்னைக் கேட்டார். விடவில்லை என்றேன். "என்னையும் ஆரும் விடேல்லை, லவ். நான் கேக்கேல்லை, எடுத்தனான்." அது அவருக்கு லேசு. அவருக்கு அண்ணை இல்லை. அதை அவரிடமே சொல்லியும் விட்டேன். சிரித்துவிட்டு, உங்கள் மகனிடமிருந்து கார்த் திறப்பை வாங்கி என் கையில் வைத்து, ஸ்ராட் பண்ணச் சொன்னார். பண்ணினேன். அவருடைய சின்னத் தெரு முழுவதும் அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல்களில் முகங்கள் வந்தன. ஒருவரும் கணவர் எங்கே என்று கேட்கவில்லை.

கார் விற்கப்பட்டுவிட்டது. அதில் நான் மறியல் செய்யவில்லை. உங்கள் மகனுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன, கராஜுக்கு வாடகை ஏறுகிறது. ஆனால் இரண்டு விசயத்தில் அசையவில்லை. செய்தவர் யார் என்று முழுப்பேரோடு சொல்லித்தான் விற்கவேண்டும் என்றேன். அவன் வாங்க வந்தவருக்கு முன்னால் வைத்தே சொன்னான். நல்லாச் சொன்னான். தன் தகப்பனையும் சேர்த்துச் சொன்னான்.

மற்றது சீற். கேட்டபடி கறுப்புத் தோல் போட்டேன், மூலையில் ஒரு சுருக்கம் கிடையாது. அடியில் எல்லாம் இருக்கிறது: றீற்றாவின் பஸ் துணி, அவுஸ்திரேலியாக்காரரின் சிறுத்தைப் புள்ளி, எலெக்ட்ரீசியனின் கோணல் றெக்சின். எல்லோருக்கும் ஒரு அடுக்கு இருந்தது, உங்களைத் தவிர. வேலைக்குப் போட்ட உங்கள் நீல ஓவரோல் உடுப்பை வெட்டி, தோலுக்குக் கீழே விரித்துத் தைத்தேன். முழங்காலில் எரிந்த ஓட்டைகளை அடைக்கவில்லை. இன்னொரு காலத்தில் இன்னொரு வீம்புக்காரி அதைப் பிரித்து, நெருப்புப் பட்ட அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யாரடா இவர் என்று கேட்பாள். கேட்கட்டும். வழி தேடி அலையட்டும். நாங்களும் அலைந்தோம்தானே.

உங்கள் துரை சொன்ன வசனத்தை இவ்வளவு நாளும் நான் வைத்திருந்தேன். இனி அது உங்களுடையது. எஞ்சின் பக்கம் என்னை விடாத கணக்கு மட்டும் என்னோடு இருக்கிறது, அதை எழுத்தில் தீர்க்கமாட்டேன். நேரில் வருவேன். காற்சட்டையோடுதான் வருவேன். அங்கேயும் கதவடியில் நில் என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் தங்கச்சி